வருமான வரிக்குப் பிறந்த மகள்

இருதயக் கிளினிக்கில் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது என் கழுத்துக்குக் கீழே தெரியும் தழும்பைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவர்கள், "ஒங்களுக்கும் வால்வாங்க?" என்று கேட்பார்கள். புதிதாக வருகிறவர்களுக்குப் பயம் அதிகம். நெஞ்சைப் பிளப்பார்களாமே, இருதயத்தை நிறுத்திவிடுவார்களாமே என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். தெரிந்ததைச் சொல்லி அனுப்புவேன். ஆனால் என் கதையை ஆஸ்பத்திரியிலிருந்து ஆரம்பித்தால் யாருக்கும் விளங்காது. அது என் பெரியப்பாவின் வருமான வரியிலிருந்து ஆரம்பிக்கிறது. எனக்கு எந்த வால்வு வைப்பது என்று யாரைக் கேட்டு முடிவு செய்தார்கள் என்பதற்கும் அந்த வரிதான் காரணம்.

என் அப்பா அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. மலையில் நின்று ஆட்களை வேலை வாங்குகிற உத்தியோகம். அம்மா அதே மலையில் கொழுந்தெடுப்பவர். அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, ஹட்டனில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் கிடையாது. அதனால் என்னைப் பெரியப்பா வீட்டில் விட்டுப் படிக்க வைத்தார்கள். தோட்டத்துப் பிள்ளை மேலே படிக்க வேண்டுமென்றால் டவுனில் ஒரு சொந்தக்காரர் வீடு வேண்டும், அந்த வீட்டுப் பாத்திரங்களையும் கழுவ வேண்டும். நான் நன்றாகவே கழுவினேன்.

தொண்ணூறுகளில் டவுன் கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து குடும்ப மருத்துவக் காப்புறுதி எடுத்தார்கள். பெரியப்பாவும் எடுத்தார். அதற்குக் கட்டும் பணத்தை வருமானத்திலிருந்து கழித்துக் காட்டலாம், கழித்தது போக மிச்சத்துக்கு வரி கட்டினால் போதும் என்று அவருடைய கடைக் கணக்கைப் பார்க்கும் ஓடிட்டர் சொல்லியிருந்தார். ஆனால் தனக்கும் மனைவிக்கும் பெற்ற பிள்ளைகளுக்கும் கட்டுவதைத்தான் கழிக்கலாமாம். பெரியப்பாவுக்கு ஒரே மகன். கழிக்க இன்னும் ஒரு பிள்ளைக்கு இடம் மிச்சம் இருந்தது. அந்த இடத்தில் என்னைத் தூக்கிப் போட்டார்கள். மகள், தவமணி. நான் அந்த வீட்டிலேயே இருந்து படித்ததால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், என் பங்குக்கு உரிய கட்டுப்பணத்தைக் கொடுத்தவர் என் அப்பா. தவணை வரும்போதெல்லாம் பஸ் ஏறி ஹட்டனுக்குப் போய்ப் பெரியப்பா கையில் கொடுத்துவிட்டு வருவார். பெரியப்பா அதைத் தான் கட்டியதாகக் காட்டித் தன் வரியைக் குறைத்துக்கொள்வார். அப்பாவின் சம்பளம் வரி கட்டும் அளவுக்கு எட்டாது, அதனால் அவருக்குக் கழிக்கவும் எதுவும் இல்லை. இந்த ஏற்பாடு அப்பாவுக்குத் தெரியாமல் நடக்கவில்லை. அண்ணன் என்னைச் சொந்த மகளாகவே எழுதிவிட்டதாக தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். எங்கள் ஆட்களுக்குப் பெரியப்பாவும் அப்பாதான். பெண் கேட்டு வந்தாலும் அவரிடம்தான் முதலில் பேசுவார்கள். அண்ணன் நிற்கும் இடத்தில் தம்பி உட்காரக் கூடாது. என் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

பதினேழு வயதில் எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஹட்டனில் பள்ளிக்கூடப் படிகளை ஏற முடியவில்லை. பிறகு படுக்கவும் முடியவில்லை. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடிதான் தூங்கினேன். லீவுக்குத் தோட்டத்துக்குப் போனபோது டிஸ்பென்சரி டொக்டர் ஐயா இரத்தம் குறைவு என்று சொல்லிச் சிவப்பு மருந்து கொடுத்தார். ஒரு நாள் இருமியபோது எச்சிலில் இளஞ்சிவப்பாக நுரை வந்தது. அதைப் பார்த்துவிட்டு அம்மா என்னை அப்படியே நுவரெலியா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

சின்ன வயதில் தொண்டை நோவோடு வந்த மூட்டுக் காய்ச்சல்தான் காரணம் என்றார்கள். அந்தக் காய்ச்சல் போனாலும், அதோடு சண்டை போட்ட உடம்பு தன் இருதயத்தையே கடித்து வைத்துவிடுமாம். இருதயத்துக்குள் இரத்தம் ஒரு பக்கமாக மட்டும் போவதற்குச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. அவைதான் வால்வு. என்னுடைய ஒரு கதவு தடித்து, சரியாகத் திறக்கவும் மாட்டாமல் சரியாக மூடவும் மாட்டாமல் நின்றது. பலூன் விட்டு விரிக்கும் நிலையைத் தாண்டிவிட்டது, மாற்றத்தான் வேண்டும் என்றார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்தால் முறை வரக் காத்திருக்க வேண்டும். அவ்வளவு காலம் நான் தாங்குவேனா என்பது சந்தேகம் என்று அங்கிருந்த டொக்டர் அப்பாவிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் பெரியப்பாவின் காப்புறுதி நினைவுக்கு வந்தது. கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் செய்யலாம், பெரும்பகுதியைக் கம்பனி கொடுக்கும். அப்பா பெரியப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். பெரியப்பாவும் மனமில்லாமல் சம்மதித்தார் என்று சொல்ல முடியாது. வேனுக்கே அவர்தான் ஏற்பாடு செய்தார்.

கொழும்புக்குப் போகும் வழியில் கினிகத்தேனையில் தேத்தண்ணி குடிக்க வேனை நிறுத்தினார்கள். பெரியப்பா முன் சீட்டிலிருந்து திரும்பி எங்களைப் பார்த்தார். பெரியம்மா என் பக்கத்தில் இருந்தார். அம்மா பின்னால் பைகளுக்கு நடுவில் இருந்தார். அப்பா வரவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு அப்பாக்கள் இருந்தால் சரிப்படாது என்று பெரியப்பா நிறுத்திவிட்டார்.

"இங்கருந்து நல்லா கவனமா இருக்கணும். கம்பனி ஆளு எந்நேரமும் வார்டுக்கு வந்து பாப்பான். புள்ள எங்க புள்ள. பெரியம்மாவத்தான் அம்மான்னு கூப்புடணும். பொய்னு தெரிஞ்சா காசும் வராது, வரிக் கந்தோர்ல என் கடையையும் கிண்டிப்புடுவானுங்க."

எதையும் தம்பி மனைவியிடம் நேராகச் சொல்வது அவருக்கு வழக்கமில்லை. அம்மாவை யார் என்று சொல்வது என்பதைப் பெரியம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார். சின்னம்மா என்று சொல்லலாமே என்றேன் நான். சின்னம்மா என்றால் முகச்சாடையைப் பார்ப்பார்கள், அது வேண்டாம் என்றார் பெரியம்மா. அம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வேலைக்காரி என்று சொல்லிவிடுங்கள் என்றார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கொழும்பில் அதை ஒருவரும் சந்தேகப்படவில்லை. எப்படிச் சந்தேகப்படுவார்கள்? தோட்டத்திலிருந்து ஒரு பொம்பளை கொழும்புக்கு வந்தால் பாத்திரம் கழுவத்தான் வருவாள் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கொழுந்துக் கறை படிந்த அம்மாவின் விரல்களைப் பார்த்தே நேர்ஸ்மார் முடிவு செய்துவிட்டார்கள். பெரியம்மாவுக்குக் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டார்கள். அம்மாவுக்குக் கதவுக்கு வெளியே நடைபாதை. பெரியம்மாவை அம்மா ஊரில் அக்கா என்று கூப்பிடுவார். அங்கே எஜமானியைக் கூப்பிடுவது போல நோனா என்று கூப்பிட்டார். என்னைப் பாப்பா என்றார். எனக்கு அதைக் கேட்கப் பிடிக்கவில்லை என்று தெரிந்தும் ஒரு தடவைகூட மறந்து மாற்றிச் சொல்லவில்லை.

சோதனைகள் எல்லாவற்றையும் எழுதினால் அலுத்துவிடும். எக்கோ என்பது நோவில்லாத சோதனை. நெஞ்சில் குளிர்ந்த பசையைப் பூசி ஒரு கருவியை வைத்து அழுத்துவார்கள், திரையில் இருதயம் அடிப்பது தெரியும். தொடையில் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனைதான் பயம். உடம்பெல்லாம் சூடாக ஓடும், மூத்திரம் போய்விட்டது போல இருக்கும், ஆனால் போயிருக்காது. புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

பெரியம்மாவைக் கெட்டவர் என்று எழுதினால் சுலபமாக முடிந்துவிடும். அவர் எனக்கு அப்பிள் வெட்டி ஊட்டினார். தலை பின்னிவிட்டார். பக்கத்து அறைக்காரர்களிடம் என் மகள் என் மகள் என்று சொல்லிச் சொல்லி ஆசையைத் தீர்த்துக்கொண்டார். பெண் பிள்ளை இல்லையே என்ற குறை அவருக்கு நெடுநாளாக இருந்தது. நான் சாகக் கிடந்த நேரத்தில் அந்தக் குறை தீர்ந்தது. அம்மா என் உடுப்புகளைத் துவைத்துக் கொண்டுவந்து கதவோரம் வைத்துவிட்டுப் போவார். குளியலறைக்கு என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போவது மட்டும் வேலைக்காரியின் வேலை என்று விட்டிருந்தார்கள். அங்கே கதவைச் சாத்திய பிறகு அம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே இருப்பார். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுவார்.

அப்பா ஒரே ஒரு தடவை வந்தார். சித்தப்பா என்று சொல்லி உள்ளே விட்டார்கள். ஒரு பை தோடம்பழத்தோடு கட்டிலின் கால்மாட்டில் நின்றார். பெரியப்பா நாற்காலியில் இருந்ததால் வழக்கம்போல நின்றுகொண்டே இருந்துவிட்டு, பார்வை நேரம் முடிந்ததும் போய்விட்டார். கையைக்கூடத் தொடவில்லை. அதற்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவர் செத்தும் போய்விட்டார்.

இந்த இடத்தில் வால்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். வைப்பதற்கு இரண்டு விதமான வால்வு உண்டு. ஒன்று உலோகத்தில் செய்தது. நீண்ட காலம் உழைக்கும், மறுபடி வெட்டத் தேவையிராது என்பார்கள். ஆனால் அதில் இரத்தம் கட்டிவிடும் என்பதால் இரத்தத்தை இளக்கும் வார்ஃபரின் என்ற மாத்திரையை ஆயுள் முழுக்கப் போட வேண்டும். அந்த மாத்திரை வயிற்றில் வளரும் பிள்ளைக்கு ஆகாது. மாத்திரையை நிறுத்தினால் தாய்க்கு ஆகாது. மற்றது மிருகத் திசுவில் செய்தது. அதற்கு அந்த மாத்திரையை எப்போதும் போட வேண்டியதில்லை, பிள்ளை பெறலாம். ஆனால் இளம் வயதில் வைத்தால் சில வருடங்களில் தேய்ந்துவிடும், இன்னொரு தடவை நெஞ்சைத் திறக்க வேண்டும். இளம் பெண்களுக்கு இதில் எதை வைப்பது என்று வீட்டாரைக் கேட்டுத்தான் செய்வார்கள்.

எங்கள் வீட்டாரையும் கேட்டார்கள். எனக்கு வயது போதாது என்பதால் பெற்றவர்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நேரத்தில் நான் எக்ஸ்ரேக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது பெரியம்மா சிரித்துக்கொண்டே, ஆயுசுக்கும் உழைக்கிற நல்ல வால்வாகப் பார்த்து வைக்கச் சொல்லிவிட்டோம் என்றார். வீட்டுக்கு ஏதோ பாத்திரம் எடுத்தது போலச் சொன்னார். இரண்டு விதம் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. அம்மா நடைபாதையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். களைத்துப் போயிருக்கிறார் என்று நினைத்தேன்.

ஒப்பரேஷன் செய்யும்போது இருதயத்தை நிறுத்திவிட்டு, இரத்தத்தை ஒரு மெசின் வழியாகச் சுற்ற விடுவார்கள். நமக்கு ஒன்றும் தெரியாது. விழிப்பு வந்த பிறகுதான் எல்லாம். தொண்டையில் குழாய், பேச முடியாது. தாகம் என்றால் அப்படி ஒரு தாகம். நெஞ்செலும்பைக் கம்பியால் கட்டியிருப்பதால் இருமல் வந்தால் உயிர் போகும். குழாயை எடுத்ததும் என் வாயில் முதலில் வந்த சொல் அம்மா. நேர்ஸ் சிங்களத்தில் ஏதோ ஆறுதல் சொல்லிவிட்டு வெளியே போனார். அந்த அறைக்குள் ஒருவரை மட்டும்தான் விடுவார்கள். பச்சை அங்கி போட்டுக்கொண்டு பெரியம்மா வந்தார். நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். பிள்ளைக்கு நோவு தாங்க முடியவில்லை என்று நேர்ஸ் ஊசி போட்டார்.

கம்பனி சொன்னபடி கொடுத்தது. மீதிக்கு அம்மாவின் நகைகள் போயின. அந்த வருடமும் அப்பா என் பங்குக் கட்டுப்பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார், பெரியப்பாவும் கழித்துக்கொண்டார். பிள்ளைகளுக்கான வயது எல்லையை நான் தாண்டியதும் என் பெயரை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் மறுபடியும் என் அப்பாவின் மகளானேன்.

நான் தோட்டத்துப் பாலர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணமும் நடந்தது. வார்ஃபரின் போடுகிறவள் பிள்ளை உண்டாகக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. கிளினிக்கில் எப்போதும் பெரியம்மாதான் முன்னால் நின்று பேசுவார். மாத்திரையைத் தவறாமல் போட வேண்டும், இரத்தத்தைச் சோதிக்க வேண்டும் என்று மட்டும் எனக்குச் சொல்வார்கள். கல்யாணத்துக்குப் பிறகு நான் உண்டானேன். மூன்றாம் மாதம் இரத்தம் போக ஆரம்பித்தது. இரத்தத்தை இளக்கும் மாத்திரை போடுகிறவளுக்கு இரத்தம் போனால் எப்படிப் போகும் என்று விவரிக்கத் தேவையில்லை. பிள்ளை போய்விட்டது. நான் பிழைத்ததே பெரிய விஷயம் என்று நுவரெலியாவில் சொன்னார்கள். இனிமேல் வேண்டாம் என்றும் சொன்னார்கள்.

உடம்பு தேறியதும் எனக்கு வைத்தியம் பார்த்த டொக்டரம்மாவிடம் கொழும்புக்குப் போனேன். இந்த முறை தனியாகப் போனேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிப்பானவர், ஆனால் நோயாளியின் முகத்தை மறக்காதவர். நடந்ததைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்தது. தாய் தகப்பனிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லித்தானே கையெழுத்து வாங்கினேன், ஏன் உமக்குச் சொல்லவில்லை என்று கேட்டார். அப்போதுதான் இரண்டு விதமான வால்வைப் பற்றியும் முதல் தடவையாகக் கேள்விப்பட்டேன். 

"எனக்கு நல்ல ஞாபகம்," என்றார் டொக்டர். "தாய் தகப்பன் ரெண்டு பேரும் ஒரு கேள்வியும் கேக்கேல்லை. உங்கட வீட்டில வேலை செய்த அந்த மனிசி மட்டும்தான் கேட்டவ, அப்ப பிள்ளைக்குப் பிள்ளை பிறக்காதோ எண்டு. சின்னனிலயிருந்து வளத்தவ, அதுதான் கேக்கிறா எண்டு உங்கட அம்மா சொன்னவ."

"அது வேலைக்காரி இல்லீங்க டொக்டர். அதுதான் எங்கம்மா."

காப்புறுதி, வரி, கினிகத்தேனை எல்லாவற்றையும் சொன்னேன். டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். 

"அப்ப நான் ஆரைக் கேட்டுப் பிள்ளை இதைச் செய்தனான்?" என்றார்.

 காசு வாங்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினார்.

அம்மா அப்போது எங்களோடுதான் இருந்தார். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். நான் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், நீ அந்த அறையில் இருந்தாயா என்று கேட்டேன். அம்மா எந்த அறை என்று கேட்கவில்லை. இத்தனை வருடமாக அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவர் போல உடனே சொன்னார்.

ஃப்ளாஸ்கை வைக்க உள்ளே போன நேரத்தில் டொக்டர் தமிழில் விளக்கிக்கொண்டிருந்தாராம். தாங்க முடியாமல் அம்மா கேட்டுவிட்டாராம். பெரியப்பா சுடுதண்ணீர் வாங்கி வரும்படி அம்மாவை வெளியே அனுப்பினாராம். பிறகு பெரியப்பாவும் பெரியம்மாவும் நடைபாதையில் பேசியதை அம்மா கேட்டாராம். சில வருடம் கழித்து இன்னொரு தடவை வெட்ட வேண்டுமென்றால் அப்போது இவள் என் காப்புறுதியில் இருக்க மாட்டாள், யார் கட்டுவது, தம்பி வந்து என் காலில் விழுவான் என்றாராம் பெரியப்பா. ஒரேயடியாக முடிகிற மாதிரி வைத்துவிடுவோம் என்றாராம் பெரியம்மா. பேச்சு அவ்வளவுதான்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லம்மா, நான்தான் பெத்தவன்னு."

"சொன்னா பொலிசி பொய்யின்னு ஆயிரும். அந்தக் கட்டில்லருந்து ஒன்னய எறக்கி அனுப்பிருப்பாங்க. நீ அன்னைக்கு இருந்த நெலமைக்கு ஹட்டன்கூட வந்து சேந்திருக்க மாட்ட. புள்ளையா பேரப்புள்ளையான்னு என்கிட்ட யாரும் கேக்கல. நானே கேட்டுக்கிட்டேன். சுடுதண்ணி வாங்கப் போற வழியிலயே முடிவு பண்ணிட்டேன்."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. பெரியப்பா மீதும் பெரியம்மா மீதும் வர வேண்டிய கோபம், பக்கத்தில் இருந்தவர் மீது வந்தது. மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்குக் கேட்கும் அளவுக்குச் சத்தம் போட்டேன்.

"என்னய கேட்டியா? எனக்குப் பதினேழு வயசு. குளிக்க வைக்கிறப்ப கதவைச் சாத்திக்கிட்டுத்தானே இருந்தோம். அங்க வச்சு ஒரு வார்த்த என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"டொக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டு வீட்டுக்குப் போவோம்னு சொல்லியிருப்பேன். செத்தா செத்துட்டுப் போறேன்னு சொல்லியிருப்பேன்."

"தெரியும்," என்றார் அம்மா. "அதுனாலதான் கேக்கல."